போன வருஷத்துச் செடிகள்

பள்ளிக்கூடச் சுவரோரம் குழிகள் வரிசையாகத் தயாராக இருந்தன. லாவண்யா கைப்பேசியில் படம் எடுத்து மேலாளர் சுரேந்தருக்கு அனுப்பினாள். ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த அரசுப் பள்ளியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுடைய கம்பெனி மரக்கன்று நடும். அந்த வேலையை இந்த வருஷம் அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து அவளுக்கென்று கிடைத்த முதல் பொறுப்பு இது. நாளை பெரிய அதிகாரிகள் கையுறை போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். குழிகள் ஆழமாக, ஈரமாக இருந்தன. யாரோ அக்கறையோடு வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே கை கழுவத் தண்ணீர் தேடி சத்துணவுக்கூடத்தின் பின்பக்கம் போனாள்.

அங்கே சிமெண்ட் சாக்குகளில் செடிகள் நின்றன. எல்லாம் புங்கன். அவள் மார்பளவு வளர்ந்தவை. இலைகள் துவண்டு, நாள் முழுவதும் வரிசையில் நின்றவர்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. பள்ளிச் சீருடையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குடத்திலிருந்து ஒவ்வொரு சாக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ன செடி பாப்பா?"

"போன வருஷம் நீங்க வெச்சது மேடம்."

"இங்க எதுக்கு இருக்குது?"

அந்தப் பெண் தஸ்லிம். இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "நாளைக்கு நீங்க வந்தா நடுறதுக்குக் குழி வேணுமில்ல. காலைல பேர்த்து எடுத்தோம்."

லாவண்யாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. முந்தைய வருஷங்களில் நட்டவை எல்லாம் கோடை விடுமுறையில் காய்ந்துபோகும். ஜூனில் கம்பெனி வந்து அதே குழிகளில் மறுபடி நடும். படமெடுக்கும். போகும். இந்த முறை செடிகள் காயவில்லை.

தலைமையாசிரியை சரோஜம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது. "லீவுல இவளும் இவ சேக்காளிங்களும் சுவரேறிக் குதிச்சு தண்ணி ஊத்தியிருக்குதுங்கம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன். செடி வெக்க வர்ற அன்னைக்குத்தான் உங்க கம்பெனில பெஞ்சு, பெயின்டு எல்லாம் தர்றாங்க. வந்து பாத்து எடமில்லைன்னு திரும்பிப் போயிட்டா? இந்த மழைக்கு ஒழுகுற கிளாஸ் ரூமுக்கு நான் யார்கிட்ட போய் நிப்பேன், சொல்லு."

"டீச்சர் சொன்னப்ப நான் அழுவல மேடம்," என்றாள் தஸ்லிம், யாரும் கேட்காமலே. "என் சேக்காளி பர்வீன்தான் அழுதா."

"வாயாடி," என்றார் சரோஜம்மாள்.

லாவண்யா குனிந்து ஒரு சாக்கை விலக்கிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட வேரின் முனைகள் வெளிறிக் காய ஆரம்பித்திருந்தன. பாகலூர்ப் பக்கம் அவள் வீட்டில் ரோஜாத் தோட்டம். வேர் இப்படி வெளுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சுரேந்தரை அழைத்தாள்.

"குழி சூப்பர்மா," என்றார் அவர், எடுத்த உடனே.

அவள் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"பேனர் அடிச்சாச்சு லாவண்யா. ஜி.எம். வர்றாரு. நாளைக்கு ஃபங்ஷன் முடியட்டும், அப்புறம் இதை வேற எங்கயாவது வெச்சுக்கலாம். ஒரு ராத்திரி தாங்காதா?"

"தாங்காது சார்."

"குழியெல்லாம் மூடிட்டா நாளைக்கு அவரு எங்க நடுவாரு? என் தலைலயா?"

"நட்டது பொழைச்சிருக்குது சார். நம்ம கம்பெனிக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். இந்த வேலை போனால் அப்பா மறுபடி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார் என்ற எண்ணம் வந்து, மின்விசிறிக் காற்றில் பறக்கும் காகிதம்போல எங்கோ போய் ஒட்டிக்கொண்டது. சுடிதார் கையை மடித்துவிட்டு முதல் சாக்கைத் தூக்கினாள்.

பள்ளி விட்டும் பிள்ளைகள் போகவில்லை. வேர் அறுந்த செடியால் எல்லா இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது என்று பாதி இலைகளைக் கிள்ளிவிடச் சொன்னாள். தயங்கித் தயங்கித்தான் கிள்ளினார்கள். எந்தச் செடி எந்தக் குழியில் இருந்தது என்று அவர்களுக்குள் சண்டை. எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த தஸ்லிமின் அப்பா ஃபக்ருதீன், செடிகள் சாயாமல் கட்டப் பழைய டயர் டியூப்பை நீளநீளமாக அறுத்துக் கொடுத்தார். "பஞ்சரான செடி, பாத்துக் கட்டுங்க," என்றார். சரோஜம்மாள் முதலில் ஒதுங்கி நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மண்ணை மிதித்தார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தபோது நடுவதற்கு ஒரு குழியும் இல்லை. லாவண்யா ஆளுக்கொரு வாளியைக் கொடுத்தாள். ஜி.எம். வாளியைப் பார்த்தார், சுரேந்தரைப் பார்த்தார், பிறகு தண்ணீர் ஊற்றினார். படத்தில் அவருடைய ஷூ நனைந்திருந்தது. பெஞ்சுகள் இறங்கின. கொண்டுவந்த கன்றுகளைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஒன்று பஞ்சர் கடை வாசலுக்குப் போனது. திரும்பும் வழியெல்லாம் சுரேந்தர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் செடிகள் மிச்சமிருந்த இலைகளையும் உதிர்த்தன. கம்பெனி பஸ் தினமும் பள்ளியைத் தாண்டித்தான் போகும். சுவருக்குமேல் ஒவ்வொரு நாளும் பச்சை குறைவதை லாவண்யா பார்த்தாள். பிறகு குச்சிகள் மட்டும். தான்தான் கொன்றுவிட்டோமா, சாக்கிலேயே விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று உற்பத்தி அறிக்கை தட்டச்சுச் செய்யும்போதுகூட நினைத்தாள். "அடுத்த வருஷம் எதைக் காட்டி பட்ஜெட் கேக்கறது? குச்சியையா?" என்றார் சுரேந்தர். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவள் நகர்ந்ததும் கூப்பிட்டு, "போய்ப் பாத்துட்டு வா. பச்சை இருந்தா எனக்கு போட்டோ போடு," என்றார்.

சனிக்கிழமை பள்ளிக்குப் போனாள். முந்தின இரவு நல்ல மழை. மண் இன்னும் குளிர்ந்திருந்தது. தஸ்லிமும் இரண்டு பிள்ளைகளும் அவளுக்காகவே காத்திருந்ததுபோல வாசலில் நின்றார்கள்.

"இங்க பாரு," என்று லாவண்யா முதல் குச்சியின் அருகே உட்கார்ந்தாள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாள். பழுப்புத் தோல் விலகியது. அடியில் பச்சை, ஈரமாக.

"உசுரு இருக்குது," என்றாள் தஸ்லிம், மிக மெதுவாக.

அதன்பிறகு அவள் விடவில்லை. அடுத்த குச்சிக்குப் போய்த் தானே சுரண்டினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்தது உள்ளேயும் பழுப்பாக, ஓலைபோல நொறுங்கியது. அவள் சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கீழே அடித்தண்டில் இன்னொருமுறை சுரண்டிப் பார்த்தாள். அங்கும் பழுப்பு. அடுத்ததற்கு நகர்ந்தாள். மீண்டும் பச்சை. சுவருக்கு அந்தப்பக்கம் லாரிகள் மாநில எல்லையை நோக்கி உறுமிக்கொண்டிருந்தன. தஸ்லிமின் நகக்கண்களில் பச்சைச் சாறு ஏறியிருந்தது.

வரிசையின் கடைசியில், கேட்டை ஒட்டி ஒல்லியான குச்சி ஒன்று நின்றது. அதுவரை அதை யாரும் தொடவில்லை.

"இது பர்வீனோடது," என்றாள் தஸ்லிம். "அவ பாக்கட்டும்."

பின்னால் நின்ற பர்வீன் முன்னால் வந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பட்டையின்மேல் நகத்தை வைத்தாள்.