ராசம்மா அக்காவின் கம்பியூட்டர்

சுவிட்சை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வழக்கமாக வரும் 'பீப்' சத்தம் வரவில்லை. மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது.

"என்னம்மா, கெளம்ப மாட்டேங்குது?" என்றார் ராசம்மா அக்கா. சுவிட்சை அழுத்திய விரலை அவர் இன்னும் மடக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றேன். காது சூடாவது எனக்கே தெரிந்தது.

தலவாக்கலை டவுனில் மஃறூப் நானாவின் கடை அது. ரேடியோ, டீவி விற்றுக்கொண்டிருந்தவர் இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு கம்பியூட்டரும் விற்கத் தொடங்கினார். இதற்கு முன் விற்ற கம்பியூட்டர்கள் எல்லாமே கண்டியில் பூட்டி முடித்து வந்தவை. இது மட்டும் பாகங்களாக வந்தது. பூட்டியவள் நான். டைப் அடிக்கவும் போட்டோ கொப்பி எடுக்கவும்தான் அந்தக் கடையில் சேர்ந்தேன். பிறகு ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் ஹார்ட்வெயார் படித்தேன். பின்னறை மேசையில் ஒரு வேலை கொடுங்கள் என்று நானாவிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய முதல் வேலை இது.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கம்பியூட்டரை முதன்முதலில் வாங்கியவர் கையால்தான் போட வேண்டும். "கலியாண வீடு மாதிரி ஈக்கணும்" என்பார் நானா. கண்டியில் சோதித்து அனுப்பியவற்றுக்கு அது சரி. நான் பூட்டியதையும் அப்படியே, ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல் முன்கடைக்குக் கொண்டுவந்தோம். போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ராசம்மா அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். பூண்டுலோயாவில் போன் பேசவும் டைப் அடிக்கவும் சின்னதாக ஒரு கொமியுனிகேஷன் கடை திறக்கப் போகிறார். வரும்போதே கோயில் சந்தனத்தை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். மொனிட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று. கேசிங்குக்கு நெற்றி எது என்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு பெரிய சுவிட்சுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தி, தாராளமாகவே அப்பி, மேலே குங்குமம் வைத்தார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

"பொம்பளப் புள்ள பூட்டுனதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சு நானா."

"அப்படிச் சொல்லாதீங்க. கெட்டிக்காரப் புள்ள."

"கெட்டிக்காரி பூட்டுனா கெளம்பணும்ல? குவைத்துல நான் தேச்ச கோப்பையெல்லாம் கொண்டாந்து அடுக்குனா இந்தக் கடை கொள்ளாது. நாளைக்குத் தொறக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். கறுப்புக் கண்ணாடிய வெச்சுக்கிட்டு மொகமா பாக்கிறது?"

நானா என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்தார்.

"நீங்க வந்த ஹயர் வேன் பின்னேரம்தானே கெளம்புது? அதுக்குள்ள இந்தப் புள்ள பாக்கட்டும். ஏலாட்டி கண்டியிலிருந்து முடிஞ்ச பெட்டியே எடுத்துத் தாறன். இனி எல்லாத்தையும் அங்கேயே பூட்டச் சொல்லிர்றன்."

கடைசி வாக்கியத்தை அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அது எனக்குச் சொன்னது. அந்த மேசை எனக்குக் கிடைத்த முதல் வேலையோடேயே போகப்போகிறது.

அக்கா சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தேன்.

"பொட்டு பத்திரம் புள்ள" என்று நானா பின்னாலிருந்து சொன்னார். "அழிஞ்சிச்சுன்னா அந்த மனுஷி என்னையத்தான் ஏசும்."

பொட்டு எதிலும் உரசாதபடி பெட்டியைப் படுக்க வைத்தேன். பக்கத் தகட்டைக் கழற்றினேன். ராமை எடுத்துத் துடைத்து மாட்டினேன். மின்சார வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினேன். புரொசெசரின் மேலுள்ள விசிறியைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். போட்டால் அதே விசிறிச் சத்தம், அதே கறுப்பு. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

எங்கே பிழை விட்டாய், எங்கே பிழை விட்டாய் என்று ஒரு குரல் உள்ளே கேட்டபடியே இருந்தது. புதிய குரல் அல்ல. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, மேற்பார்க்கும் கண்டாக்கையா கிலோவைக் குறைத்துச் சொன்னால் என் அம்மா தராசைப் பார்க்கமாட்டாள். தன் கூடையைத்தான் குனிந்து பார்ப்பாள். "ஈரம் கூடிப்போச்சு போல" என்பாள். வகுப்பில் ஏதாவது உடைந்த சத்தம் கேட்டால், உடைத்தவள் எழும்புவதற்கு முன் நான் எழுந்து நிற்பேன். அதைப் பணிவு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அன்று அந்த மேசைமுன் நின்றபோது அதில் ஒரு சௌகரியமும் இருப்பது தெரிந்தது. பழியை நாமே எடுத்துக்கொண்டால், வேறு யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவு நேரமும் நான் தொட்ட இடங்களை மட்டுமே தேடியிருக்கிறேன். நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் பூட்டியிருக்கிறேன் என்று ஒருமுறை வைத்துக்கொண்டால் என்ன? அந்த எண்ணமே பயமாக இருந்தது. பிறர் பொருளில் கை வைப்பது போல. ஆனாலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

மதர்போர்டை கேசிங்கிலிருந்து முழுதாக வெளியே எடுத்தேன். அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதைக் கிடத்தி, ராமும் மின்சாரமும் மொனிட்டரும் மட்டும் கொடுத்தேன். சுவிட்ச் வயர் செருகும் இரண்டு ஊசிகளை ஸ்குரூட்ரைவர் நுனியால் தொட்டேன்.

பீப்.

மொனிட்டரில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நான் பூட்டியவை எல்லாம் உயிரோடு இருந்தன. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் போலிருந்தது. அதற்கு நேரமில்லை.

மறுபடி கேசிங்குக்குள் வைத்துப் பூட்டினேன். செத்துப்போனது. ஆகவே பிழை கேசிங்கில். போர்டுக்கு அடியில் தகடு எங்காவது தொடுகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. மிஞ்சியது முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்கள்தான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஸ்குரூட்ரைவரால் தொட்டேன். பீப். விளக்கு வயரைச் செருகினேன். பீப். பெரிய சுவிட்சின் வயர். பீப். மெசினை நிறுத்தாமல் திரும்பத் தொடங்க வைக்கும் சின்னப் பட்டனின் வயரைச் செருகினேன்.

சத்தமில்லை.

அப்போதுதான் பெட்டியின் முகத்தை என் பக்கம் திருப்பினேன். காலையிலிருந்து நானும் நானாவும் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அந்தப் பொட்டு, சுற்றிலும் காய்ந்து வெடித்திருந்தது. அதன் அடியில் சின்னப் பட்டன் உள்ளே அமுங்கி, சந்தனத்தில் இறுகிக் கிடந்தது. அந்தப் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் எந்தக் கம்பியூட்டரும் எழும்பாது.

நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உடனே வாசலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ராசம்மா அக்கா பைகளோடு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேன்காரன், "யமுத அக்கே?" என்று, போவோமா எனச் சிங்களத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

"வயர் லூஸ்னு சொல்லிரு புள்ள" என்றார் நானா மெல்ல. "முடிஞ்சிச்சு. உங்கட சாமி விசயம். நான் வாயத் தொறக்கேலா."

நல்ல யோசனைதான். யாருக்கும் மனம் நோகாது. வயரைச் சரியாகச் செருகாதவள் என்று ஒருத்தியின் பெயர் மட்டும் பூண்டுலோயா வரை போகும். எழுந்து நிற்பதற்கு என் கால்கள் பழகித்தான் இருந்தன.

பல்குத்தும் குச்சியால் பட்டனைச் சுற்றி மெதுவாகச் சுரண்டினேன். டக்கென்று வெளியே வந்தது. பீப் என்ற சத்தத்தைக் கேட்டு அக்கா பின்னறைக்கே வந்துவிட்டார்.

"ஆ, எந்திரிச்சிருச்சே! என்னாவாம் கொற?"

"வயர்ல கொற இல்லக்கா. நான் பூட்டுனதுலயும் கொற இல்ல." இரண்டாவதைச் சொல்லும்போது அவரை நிமிர்ந்து பார்த்தேன். "நீங்க பொட்டு வெச்சப்ப இந்தச் சின்னப் பட்டன் உள்ள போயிருச்சு. சந்தனத்துல அப்படியே மாட்டிக்கிச்சு."

நானா சுவரிலிருந்த கலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்தார்.

"அப்ப, சாமி பொட்டு வெச்சதால கெட்டுப்போச்சுங்கிற?"

"பொட்டால இல்லக்கா. வெச்ச எடத்தால."

"எங்கிட்டயே சொல்றியா நீ?"

"நீங்களே அமுக்கிப் பாருங்க. அமுக்கின கைய எடுக்காம வெச்சிருங்க."

அக்கா பைகளைக் கீழே வைத்தார். பெருவிரலை நீட்டி அழுத்தினார். திரை கறுத்தது. விசிறி மட்டும் சுற்றியது, காலையில் சுற்றியது போலவே. விரலை எடுத்தார். பீப். என்னை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி கறுத்தது. மறுபடி எழும்பியது.

"ஆத்தாடி" என்றார். "வெரலு இல்ல, ஒலக்கை." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றார். "குவைத்துல அந்த வீட்டுல எது ஒடஞ்சாலும் ராசம்மா, ராசம்மான்னுதான் வீட்டுக்காரி கத்துவா. ஒடச்சது பூரா அவ பெத்ததுக. நானும் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு நிப்பேன். நீ ஆட்ட மாட்டேங்கிற."

கையிலிருந்த குச்சியைக் குப்பையில் போட்டேன்.

"சரி, இப்ப எங்கதான் வைக்கிறது? எடத்தக் காட்டு."

பெட்டியின் மேல்தகட்டில், துளையோ பட்டனோ இல்லாத ஓரிடத்தைக் காட்டினேன். வாழையிலையில் மிச்சமிருந்த சந்தனத்தை நனைத்து, இந்தத் தடவை விரல் நுனியால் மட்டும் தொட்டு வைத்தார்.

வேன் போன பிறகு நானா பின்னறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"திம்புள்ளப் பக்கம் இன்னொரு ஓடர் ஈக்கி. பாகமாவே எடுப்பமா?"

"எடுங்க நானா. ஆனா மொத சுவிட்ச் நான்தான் போடுவேன்."

"அது வாங்குறவங்க கையால போடணுமே புள்ள..."

"அவங்க கை ரெண்டாவது."

நானா தாடியைத் தடவி யோசித்தார். "சரி. ஆனா அவங்களுக்குச் சொல்லிராத."

"வலியப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்க மாட்டேன்."

ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அவர் முன்கடைக்குப் போனார். மேசையில் உதிர்ந்திருந்த சந்தனத் தூளைத் துடைத்தேன். அங்குமிங்கும் கிடந்த ஸ்குரூட்ரைவர்களை எடுத்து, என் கைக்கு எட்டும் பக்கமாக அடுக்கி வைத்தேன்.