கடைசித் திருகு

இருபத்தாறு மணி நேரமாக அந்த நான்கு போல்ட்டுகளும் என்னிடம் இருந்தன. பகலில் சட்டைப் பையில், இரவில் தலையணைக்கு அடியில். ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான். ஆனால் அவை இல்லாமல் நீச்சல் டீச்சரின் சைக்கிள் ஓடாது. பட்டறைத் தாங்கியில் ஏற்றிய அந்தச் சைக்கிளில், புது கார்பன் ஹேண்டில்பார் பிடிமானம் இல்லாமல் கேபிள்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடை என் பெரியப்பாவுடையது. படித்த இயற்பியலுக்கு ஏற்ற வேலை எதுவும் என்னைத் தேடி வராததால், இரண்டு வருடமாக அங்கே மெக்கானிக்காக இருக்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலை பார்த்திருந்தாலும், சைக்கிள் வாசலைத் தாண்டுமுன் பெரியப்பா, போல்ட் திருகும் வளைந்த கம்பியான ஆலன் கீயோடு எழுந்து வருவார். முக்கியமான போல்ட்டுகளுக்குத் தன் கையால் இன்னும் ஒரு திருகு கொடுப்பார். போல்ட்டைக் குனிந்து பார்க்கவே மாட்டார். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து, அவர் வீட்டு நலம் விசாரித்துக்கொண்டே திருகுவார். "ம், இப்ப போகலாம்" என்பார். அந்தத் திருகுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

இரும்பு சைக்கிள் அதைத் தாங்கும். கார்பன் அப்படி இல்லை. ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் மூடியிலேயே, இறுக்கத்தின் எல்லை ஐந்து நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருக்கும். டார்க் ரென்ச்சை ஐந்தில் வைத்துத் திருகினால், அந்த அளவு வந்ததும் உள்ளங்கைக்குள் டக் என்று ஒரு துள்ளல் தெரியும். அதோடு விட்டுவிட வேண்டும். மீறினால் கார்பன் வளையாது, நசுங்காது. உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டு, வெளியே நல்ல பிள்ளையாக இருக்கும். ஏதோ ஒரு இறக்கத்தில் இரண்டாகும்.

டீச்சருடையது பாலத்து இறக்கத்தில் இரண்டானது. காறை எலும்பு முறிந்து, ஏழு வாரம் இடது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பெரியப்பா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"எங்கயாவது குழியில விட்டிருப்பீங்க டீச்சர். கார்பனுக்குக் குழி ஆகாது."

டீச்சர் யோசித்தார். "குழி இருந்த மாதிரி ஞாபகம் இல்ல சார். ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. பெரியப்பா கார்பன் சைக்கிளுக்கும் வருடக்கணக்காகத் திருகு கொடுத்துத்தான் வந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் முதுகுக்குப் பின்னால் அளந்து பார்த்திருக்கிறேன். ஐந்தரையைத் தாண்டியதே இல்லை. அவருடைய திருகு வெறும் தொடுகைதான். டீச்சரின் உடைந்த சைக்கிள் வந்தபோது, கழற்றுவதற்கு முன் அதையும் அளந்தேன். ரென்ச்சைப் பத்தில் வைத்தும் போல்ட் இம்மிகூட அசையாமல் டக் என்றது. அதாவது பத்துக்கு மேல் இறுகிக் கிடந்தது. நான் விட்டது ஐந்தில்.

அதனால்தான் நேற்று மதியம் ஒரு மணிக்குப் பெரியப்பா ஆலன் கீயோடு எழுந்ததும், நான் நான்கு போல்ட்டுகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா பண்றே?"

"டீச்சர் வந்ததும் மாட்டிக்கறேன் பெரியப்பா."

"போல்ட் எங்க?"

"எங்கிட்ட இருக்கு."

ஒரு மாதத்தில் நான் கடையில் பேசுவதே அவ்வளவுதான்.

இன்னொரு மெக்கானிக்கை நாங்கள் வாஷர் என்று கூப்பிடுவோம். எந்தச் சண்டையிலும் இரண்டு பேருக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டு நசுங்குகிறவர். இன்று காலை வந்ததுமே என் பக்கம் நகர்ந்தார்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. குடுத்துடு சயின்ஸு. மனுஷன் ரெண்டு டீயைத் திருப்பி அனுப்பிட்டாரு."

"மாட்டேன் அண்ணே."

"ஒரு திருகுதானே? குறைஞ்சா போயிடுவே?"

"கூடிடும். அதான் பிரச்சினை."

அவர் பெரியப்பாவிடம் போனார். "முதலாளி, வேற போல்ட் எடுத்து மாட்டிடவா?"

"எதுக்கு? எடுத்தவளே கொண்டு வந்து வைப்பா." பெரியப்பா பேப்பரை முகத்தில் இருந்து இறக்கவில்லை. "என் தம்பி வாயில்லாப் பூச்சி. இது யாரைக் கொண்டு பொறந்துச்சோ, இவ்வளவு அழுத்தம்!"

"உங்களைத்தான்" என்ற வாஷர், சட்டென்று ஒரு டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, இல்லாத ஓட்டையைத் தேட ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். இடது தோள் இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. சைக்கிளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை பந்தயம் சார். பாதி தூரம் இறக்கம். இந்தத் தடவை குழி பார்த்து ஓட்டுறேன். என்னால உங்க கடைக்குக் கெட்ட பேரு வரக் கூடாது பாருங்க."



நான் போல்ட்டுகளை எடுத்தேன். மேலே வலது, கீழே இடது, மேலே இடது, கீழே வலது. மூடியின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பிறகு ரென்ச். நான்கு முறை டக்.

"சத்தமே நல்லா இருக்கே" என்றார் டீச்சர்.

பெரியப்பா கல்லாவை விட்டு எழுந்தார். கையில் ஆலன் கீ.

"தள்ளும்மா."

நான் என் உள்ளங்கையை நான்கு போல்ட்டுகளின் மேலும் வைத்து அழுத்தினேன்.

"தள்ளுன்னு சொன்னேன்."

"மாட்டேன் பெரியப்பா."

"டீச்சர் முன்னாடி என்ன விளையாட்டு இது?"

என் காது இரண்டும் கொதித்தன. நான்கு பேருக்கு முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆனாலும் பேசினேன்.

"டீச்சர், நீங்க எந்தக் குழியிலயும் விடல. ஹேண்டில்பார் இந்தக் கடையிலேயே விரிசல் விட்டுடுச்சு. நான் அஞ்சுல விட்டேன். அதுக்கு அப்புறம் ஒரு திருகு விழுந்துச்சு. அது பத்துக்கு மேல போயிடுச்சு."

வாஷர் கையில் இருந்த டியூப் தொட்டிக்குள் நழுவியது.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "சார்?" என்றார்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?" பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. என்னிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு டீச்சரின் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார். "படிச்ச பொண்ணு டீச்சர், நம்பரைத்தான் நம்பும். என் கை தராசு மாதிரி. ஊர்ல யாரை வேணா கேளுங்க." சிரிப்பு பாதியில் நின்றது. "கையை எடும்மா."

"எடுக்க மாட்டேன். நீங்க திருகினா இது மறுபடியும் உடையும். ஞாயித்துக்கிழமை இறக்கத்துல உடையும். அப்ப பழம் வாங்கிட்டுப் போறதுக்கு நான் பை தூக்க மாட்டேன்."

"எடுக்கலைன்னா?"

"என் கையோட சேர்த்துத் திருகுங்க."

அவர் முகம் சிவந்தது. பின்வாங்குகிற மனிதர் இல்லை அவர். டீச்சரின் முகத்தைப் பார்த்தபடியே, எப்போதும் செய்வதுபோல, ஆலன் கீயை என் விரல்களுக்கு இடையில் செருகினார். முனை போல்ட்டில் உட்காரவில்லை. என் நடுவிரலின் கணுவில் குத்தி நின்றது. எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் திருகத் தொடங்கினார்.

தோல் சுருண்டது. வலி முழங்கைவரை ஏறியது. நான் கையை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் உட்கார்ந்திருக்கு" என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டே அவர் இன்னும் அழுத்தினார்.

"பெரியப்பா, அது போல்ட் இல்ல. என் விரலு."

அவர் குனிந்து பார்த்தார். கணுவில் ரத்தம் பொட்டு வைத்தது போல இருந்தது. அவர் கையில் இருந்து ஆலன் கீ கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டு நின்றார். வாஷர் ஓர் அடி முன்னால் வந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

டீச்சர் மறுபடியும், "சார், அவ சொல்றது நெஜமா?" என்று கேட்டார்.

"நெஜந்தான் டீச்சர்" என்றார் பெரியப்பா. "விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஒரு வருஷமாச்சு. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியறதில்ல."