கை வைக்காத கூடை

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஊறல் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பிரம்பை இழுத்தாள் பெரியவள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. ஊறிய பிரம்பின் நாற்றம் எத்தனை கழுவினாலும் கையை விட்டுப் போகாது.

பட்டறை நடுவில் ஆள் உயரக் கூடை ஒன்று நின்றது. ஞாயிறுதோறும் காரில் வருகிறவர்கள் சேர்ந்து முடைவது அது. மனபாரம் இறங்குகிறதாம், ஊர்கூடிச் செய்யும் கலையாம். அடடா! அவர்கள் முடைந்ததில் கோழியைக்கூட அடைக்க முடியாது. திங்கள் விடிகாலையில் பட்டறைப் பெண்கள் அவ்வளவையும் பிரித்து, இறுக்கிப் பின்னி, வந்தவர்கள் கைவேலைபோலவே விட்டுவைக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. முதலாளி அதை 'கைப்பழக்கம்' என்பார்.

போன மாதம் பெரியவளின் தங்கை சின்னவளுக்குப் பிரம்பு பிளக்கும் மெஷினில் இரண்டு விரல் போயிற்று. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மெஷின் மூடியைக் கழற்றச் சொன்னவர் முதலாளி. கழற்றியவர் மெஷின்காரர். அன்றிலிருந்து அந்த மனுஷன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

சின்னவளைக் கூட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றாள் பெரியவள்.

"ஐயா, இவ பொழைப்புக்கு ஒரு வழி சொல்லுங்க."

"அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றவங்க நடுவுல இவ உக்காரட்டும். கூடை முடைஞ்சு முடைஞ்சே மனசு ஆறிடுச்சுன்னு நாலு வார்த்தை சொல்லட்டும்."

"மூடியைக் கழட்டச் சொன்னது நீங்கதான்னும் சொல்லலாமா?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. காசு குடுத்து இந்த வேலையைச் செய்ய ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க. இது மருந்து! மருந்து சாப்பிடறதுக்கு யாராவது கூலி கேப்பாங்களா?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார், பாவி. வேறு எங்கே போய் வேலை கேட்பது, இந்தக் கையோடு? சின்னவள் தலையாட்டினாள்.

ஞாயிறன்று அவளை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"கட்டு இருந்தா எப்படித் தெரியும்? அவிழ்த்துடு" என்றார் முதலாளி.

ஒட்டியிருந்த துணி சதையோடு வந்தது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மனசு ஆறிடுச்சுங்க" என்றாள். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். "உன்னைப் பார்த்தா எனக்கே தெம்பு வருதும்மா" என்று சொல்லிவிட்டுக் கூடையின் விளிம்பை முடிக்கப் போனாள். தொட்டியோரம் நின்ற பெரியவள் கையிலிருந்த பிரம்பைத் தண்ணீருக்குள் விட்டெறிந்தாள்.

மறுநாள் விடிகாலை கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவள் கையிலிருந்த பின்னல் ஊசியைத் தரையில் வைத்தாள்.

"நான் தொடமாட்டேன். அவங்க பின்னினது பின்னினபடியே இருக்கட்டும்."

"வேலை போயிடுமேடி!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அப்போது மெஷின்காரர் வந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"மூடியைத் திரும்ப மாட்டிட்டேம்மா. மறுபடி கழட்டச் சொன்னா நான் மெஷினை ஓட்டமாட்டேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஊசிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன.

அடுத்த ஞாயிறு, முடிந்த கூடையைத் தூக்கி உத்தரத்தில் மாட்டும் விழா. வந்தவர்கள் விளிம்பைப் பிடித்து, கைதட்டலுக்கு நடுவே தூக்கினார்கள். விளிம்பு மட்டும் கையோடு வந்தது. கூடை தொபுக்கென்று விழுந்து உருண்டது.

"யாரு வேலைடி இது?" என்று கத்தினார் முதலாளி.

"அவங்க வேலைதாங்க" என்றாள் பெரியவள். "வாராவாரம் நாங்க பிரிச்சுப் பின்னினோம். இந்த வாரம் கை வைக்கலை. அவ்வளவுதான்."

கண்ணாடி போட்ட அம்மாள் திகைத்துப்போய்ச் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள்.

சின்னவள் கையை நீட்டினாள். "பொய் சொன்னேம்மா. மனசு ஆறலை. கையும் ஆறலை."

அந்த அம்மாள் காரில் ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். முதலாளி வேலைக்காரர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்.

ஒருவரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. கதவோரமாகவே உட்கார்ந்தார்கள். மெஷின்காரர் தன் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். பெரியவள் அதைத் தங்கையின் கையில் சுற்றினாள். சின்னவள் அந்த மனுஷனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவரும் முகத்தைத் திருப்பவில்லை. உள்ளே தொட்டி நிறையப் பிரம்பு ஊறிக்கொண்டிருந்தது. எடுக்க ஆளில்லாவிட்டால் அழுகிவிடும். அது முதலாளிக்கும் தெரியும்.

"நாளைக்கு எப்பக்கா வரணும்?" என்றாள் சின்னவள்.

"எப்பவும் வர்ற நேரம்தான்டி. விடியறதுக்கு முன்னாடி."