உப்பில் விழுந்த கஞ்சி

அந்த எரிசக்தி ஆய்வு நிறுவனத்தில் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். எந்தக் கணக்கையும் குடையாமல் விடமாட்டாள். எந்த நாடு எந்தத் தொழில்நுட்பத்தில் முன்னே போகிறது என்று காப்புரிமைகளை அலசிச் சொல்வது அவள் வேலை.

அந்த மாதம் எடுத்துக்கொண்டது வெப்பத்தைச் சேமிக்கும் முறைகளை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும், அதற்கு முன்னோடியான பழைய கண்டுபிடிப்புகளின் பட்டியல் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனாள். ஒன்பது நாடுகளின் நாற்பத்தொரு விண்ணப்பங்கள் ஒரே பழைய காப்புரிமையில் போய் முட்டின. அதைப் பெற்றது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஒரு பெண். முகவரி, ஆற்றுப்பாலத்துக்கு அந்தப்பக்கம்!

"ஏதாவது பேர்க் குழப்பமா இருக்கும்மா" என்றார் மேலாளர்.

"மூணு தடவ பாத்துட்டேன் சார். நம்ம ஊரேதான்."

"அப்ப நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துடு."

பஸ் பிடித்துப் போனாள். அந்த முகவரியில் ஒரு சலவைக்கடை இருந்தது. அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காப்புரிமை என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. ஒருத்தரும் சீண்டல. இப்ப என்ன, ஏதாவது தப்பாயிடுச்சா?"

குடைச்சல் இஸ்திரி மேசையில், தான் கோடு போட்டுக் கொண்டுவந்த உலக வரைபடத்தை விரித்தாள். ஒன்பது நாடுகளிலிருந்து புறப்பட்ட கோடுகள் ஒரு புள்ளியில் வந்து கூடின.

"இந்தப் புள்ளி யாரு?"

"நீங்கதாம்மா."

அந்த அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏங்க! போட்டது போட்டபடி ஓடி வாங்க!"

கை நிறைய சோப்பு நுரையோடு கணவர் ஓடிவந்தார்.

பேச்சு அதற்கப்புறம் நிற்கவில்லை. சாயங்காலம் கொதிகலனில் வீணாகும் சூட்டில் ஒருவகை உப்பை ஒரு பெட்டிக்குள் உருக்கி வைத்தால், அது இறுகும்போது அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். காலையில் வெந்நீர் தயார். ஆனால் பத்தே நாளில் உப்பு அடியில் தங்கி, சூடு பிடிக்காமல் செத்துவிடும். ஒரு நாள் எரிச்சலில் அந்த அம்மா, சட்டைக்கு வைத்திருந்த கஞ்சியை அதில் கொட்டியிருக்கிறார். அந்தக் கொழகொழப்பில் அப்புறம் உப்பு அடியில் தங்கவேயில்லை.

"கஞ்சி பாழாப்போச்சேன்னு அன்னைக்கு நான் குதிச்ச குதி இருக்கே!" என்றபடி கணவர் ஈர விரலால் வரைபடக் கோடு ஒன்றைத் தடவினார்.

"படத்த நனைக்காதீங்க!" என்று கையில் ஒன்று போட்டார் மனைவி. இரண்டு பேருக்கும் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. குடைச்சலுக்கும்தான்.

மறுவாரம் நிறுவனத்தில் அந்த அம்மாவே வந்து பேசினார். ஒரு பொறியாளர் எழுந்து, "எத்தன பங்கு கஞ்சிங்கம்மா?" என்றார்.

"காப்புரிமையில நாலாம் பக்கத்துல எழுதியிருக்கேனே. நீங்க படிக்கலையா?"

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது மேலாளர்தான்.

கூட்டம் முடிந்ததும் பொறியாளர்கள் அந்த உப்புப் பெட்டியைப் பார்த்தே தீருவோம் என்று அவரோடு கிளம்பிவிட்டார்கள். சின்னக் கடை. ஆளாளுக்குப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"சார், கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் கணவர், முகமெல்லாம் பல்லாக. "துணி வாங்க வந்தவங்க தெருவுல நிக்கிறாங்க."