சின்ன மேகம் எவ்வளவு தூரம்

ஆலிடா ஃபூரி எண்களில் பொய் சொல்லமாட்டாள் என்பது ஸ்டெர்க்லூஃப் ஊருக்கே தெரியும். மற்ற விஷயங்களில் சொல்வாளா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. குன்றின் மேலிருந்த வானாய்வகத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. தொலைநோக்கி எடுத்துத் தரும் கண்ணாடித் தட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு விண்மீனும் எவ்வளவு பிரகாசம் என்று அளந்து எழுத வேண்டும். யோசிப்பது தலைவர் டாக்டர் விங்ஃபீல்டின் வேலை. நியமன உத்தரவிலேயே அப்படித்தான் இருந்தது, இன்னும் கொஞ்சம் மரியாதையான சொற்களில்.

1952இல், வெள்ளைக்காரர்கள் கேப்டவுன் கரையில் வந்திறங்கி முந்நூறு வருடம் ஆனதை நாடே கொண்டாடியது. மேயர் மரேவை எல்லோரும் ‘ஊம் மரே’, அதாவது மரே மாமா, என்பார்கள். ஊர் முழுக்க அவருக்கு மருமக்கள், வெள்ளைத்தோல் மருமக்கள். பூங்காவில் ஒரு கல் நட்டு, அங்கிருந்து கேப்டவுன் எவ்வளவு, ஆம்ஸ்டர்டாம் எவ்வளவு, சூரியன் எவ்வளவு என்று வரிசையாகப் பொறிக்க அவர் ஏற்பாடு செய்தார். கடைசி வரி, தெற்கு வானத்தில் பஞ்சுத்துண்டு போலத் தெரியும் விண்மீன் கூட்டமான சின்ன மகலன் மேகத்துக்கு: 85 000 ஒளியாண்டுகள். டாக்டர் அந்த எண்ணைச் சொல்ல, கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் ஆலிடா.

மார்ச் மாதத்தில் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

விண்மீன்களில் சில, இதயம் மாதிரி துடிக்கும். கூடும், மங்கும், கூடும். மெதுவாகத் துடிப்பவை பெரிய விளக்குகள். துடிப்பை எண்ணினால் விளக்கின் உண்மையான வெளிச்சம் தெரியும். அது இங்கிருந்து எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். எண்பத்தைந்தாயிரமும் அப்படி வந்ததுதான். ஆனால் அரை நாளைக்கு ஒரு தரம் துடிக்கும் குட்டி விளக்குகளும் உண்டு. மேகம் அந்தத் தூரத்தில் இருந்தால் அவையும் தட்டில் விழுந்திருக்க வேண்டும். நாற்பத்தொரு தட்டுகளில் தேடினாள். ஒன்றுகூட இல்லை. பிறகு, டாக்டர் வேறு எதற்காகவோ நெடுநேரம் திறந்துவைத்து எடுத்த பதினோரு தட்டுகளில் மூன்று அகப்பட்டன. இருக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூட அல்ல, சரியாகக் கால் பங்கு. வெளிச்சம் கால் பங்கானால் தூரம் இரண்டு மடங்கு. பெரிய விளக்குகளின் பலத்தைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

“மூணே மூணு,” என்றார் டாக்டர். “அதை வச்சுக்கிட்டு அண்டத்தையே ரெண்டு மடங்காக்கச் சொல்றீங்களா, மிஸ் ஃபூரி? வேற யாராவது கண்டுபிடிக்கட்டும். அப்புறம் நாமளும் சொல்லிக்கலாம்.”

ஊம் மரே அதைவிடத் தெளிவாக இருந்தார். “கல்லு வெட்டியாச்சு, தீர்மானம் போட்டாச்சு. இப்ப வந்து மேகம் நகந்துடுச்சுங்கிறியேம்மா!”

“மேகம் நகரலை, ஊம் மரே. நாமதான் தப்பா அளந்துட்டோம்.”

“நாமன்னு சொல்லாதே. அளந்தது அந்த இங்கிலீஷ்காரன். கையெழுத்தும் போட்டிருக்கான். கையெழுத்துக்கு மேல என்ன இருக்கு?”

அவள் நேரே கல்தச்சர் ஆப்ரம் கூப்மனின் பட்டறைக்குப் போனாள். அவர் கலப்பினத்தவர், வெள்ளையர் பேச்சில் ‘கலர்ட்’; அவர் வெட்டும் கல் நிற்கப்போகும் பூங்காவில் அவர் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. பெஞ்சுகளில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று எழுதியே இருந்தது. அந்த எழுத்துகளையும் எழுதியவர் அவர்தான்.

“தூரம் ரெண்டு மடங்கா?” ஆப்ரம் சிரித்தார். “எங்களுக்கு இது புதுசில்ல, மிஸ் ஆலிடா. டவுனுக்கு அரை மைல்ல இருக்கோம். மூணரை மைல் தள்ளிப் போங்கன்னு நகராட்சியிலேர்ந்து காகிதம் வந்திருக்கு. எந்தக் கல்லையும் மாத்தாமலே தள்ளிட்டாங்க.”

அவள் எண்ணைப் பற்றியே பேசினாள். “ஒரு லட்சத்து எழுபதாயிரம்னு மாத்த முடியுமா?”

“வெட்டின எட்டை நான் எப்படி அழிக்கிறது? கல்லுங்க, சிலேட்டில்ல. முன்னால ஒரு ஒண்ணு போட இடமிருக்கு.”

“அப்ப நூத்தி எண்பத்தஞ்சாயிரம் ஆயிடுமே. அதுவும் தப்பு.”

“எது கம்மித் தப்பு?”

ஆலிடா மனக்கணக்குப் போட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, தப்பென்று தெரிந்தே ஓர் எண்ணுக்குத் தலையசைத்தாள்.

விழாவன்று ஊம் மரே துணியை விலக்கி, “ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்!” என்று முழங்கினார். கைதட்டல் பூங்காவுக்கு வெளியே நின்றவர்கள் வரை கேட்டது. பெரிய எண்ணுக்குக் கைதட்டல் அதிகம்தான். டாக்டரின் முகம் மட்டும் சுண்டியது. “அந்தக் கலர்ட் ஆளுக்கு எண்ணவே தெரியலை,” என்று ஆலிடாவின் காதில் சீறினார்.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து சேதி வந்தது: துடிக்கும் விளக்குகளை வைத்து அளந்த தூரங்கள் எல்லாமே ஏறக்குறைய இரட்டிப்பு. கேப்டவுன் நிருபர் ஒருவர் கல்லைப் பார்த்துவிட்டுக் குன்றேறி வந்தார். “எங்களுக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்தது,” என்றார் டாக்டர் அடக்கமாக. பத்திரிகைப் படத்தில் கல்லுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஊம் மரே. அடுத்து வந்த ஆய்வுக் கட்டுரையின் அடியில், அளவெடுத்து உதவிய செல்வி ஃபூரிக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். பல வருடம் கழித்து அந்தத் தூரம் இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது; அவளுடைய கணக்கைவிட ஆப்ரம் முன்னால் போட்ட ஒன்றுதான் உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

படம் வந்த வாரமே அவள் சைக்கிளில் மூன்றரை மைல் தள்ளியிருந்த புதுக் குடியிருப்புக்குப் போனாள். தகரக் கொட்டகை வாசலில் ஆப்ரம் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு டாக்டர் உங்களைத் திட்டினார். நான் சும்மா நின்னேன்,” என்றாள்.

“என்னன்னு திட்டினார்?”

“எண்ணத் தெரியாதவர்னு.”

“அவ்வளவுதானா?” ஆப்ரம் சிரித்தார். ஆனால் அவளை உட்காரச் சொல்லவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு, “எண்ணத் தெரிஞ்சவங்க ஒரு வேலை செஞ்சு குடுங்க. தண்ணிக் குழாய் நானூறு கஜத்துக்குள்ள இருக்குன்னு நகராட்சி எழுதியிருக்கு. பொம்பளைங்க குடத்தோட நடந்து நடந்து சாகுறாங்க,” என்றார்.

மறுநாள் அவள் அளவுச் சங்கிலியோடு வந்தாள். இரண்டு பெண்கள் முனையைப் பிடித்தார்கள். போக ஒரு தரம், வர ஒரு தரம்: எழுநூற்றுப் பன்னிரண்டு கஜம். அதை நகராட்சிக்கு ஒரு கடிதமாக வானாய்வகத் தாளில் தட்டச்சு செய்து, திங்கட்கிழமைக் கடிதக் கட்டின் நடுவில் வைத்தாள். டாக்டர் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அண்டத்தையே அளந்தவர் சொல்லும்போது நகராட்சி எப்படி மறுக்கும்? ஆறு வாரத்தில் பக்கத்திலேயே புதுக் குழாய் வந்தது. அங்கே இன்றைக்கும் அதற்கு ‘டாக்டர் குழாய்’ என்றுதான் பெயர்.