ஆவிசா உரைத்த விடை

கார்முகில் கவிந்த இலண்டன் மாநகரின் நடுவே, கடலோடு ஏறியும் இறங்கியும் ஓயாத தேம்சு ஆறு கலங்கி ஓட, அதன் கரையில் நின்ற சுவடிக் காப்பகத்தின் சாளரங்களில் கார்த்திகை மாலையின் ஒளி மங்கிக்கொண்டிருந்தது. அங்கே பழந்தோற் சுவடிகளைச் செப்பம் செய்யும் றொசாந்தி என்னும் நங்கை, அன்னை வரும் நேரம் நெருங்கியதை எண்ணி, அஞ்சியவளாய் வாயிலையும் சுவடியையும் மாறி மாறி நோக்கியிருந்தாள்.

கற்றறிந்த அன்பரே, அவ்வச்சம் வீணன்று. தாய்நாட்டுப் போர்க்காலத்தில், பதுங்குகுழியில் காய்ச்சலால் துவண்ட கைக்குழந்தை பிழைத்தால் கன்னியர் மடத்துக்கே கொடுப்பேன் என்று அன்னை பியற்றிஸ் மடுத் தேவாலயத்து மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். அக்குழந்தை இருபத்தெட்டு அகவை எய்திய இந்நாளில், அவளை அழைத்துச் சென்று மடத்தலைவியிடம் ஒப்படைக்கவே வந்துகொண்டிருந்தாள். நேர்த்திக்கடன் பொய்த்தால் அன்னைக்குத் தீங்கு நேருமோ என்றஞ்சிய மகளோ, தனக்கு விருப்பமில்லை என்பதை இதுவரை வாய்திறந்து சொன்னாளில்லை.

அவள் கையிலிருந்த சுவடி எண்ணூறு ஆண்டுப் பழமையது. ஆங்கிலப் பெருங்குடியிற் பிறந்து, கடற்புயலில் உயிர்தப்பிய தந்தையின் நேர்த்திக்காக ஏழாம் அகவையிலே மடம் புகுந்து, முடி களைந்து, முக்காடு பூண்டு முதுமையுற்ற ஆவிசா என்னும் சீமாட்டியை, மடத்தைப் பார்வையிட வந்த ஆயர், விரும்பித்தான் வந்தாயோ என வினவ, அவள் இறுத்த விடையை எழுத்தர் அதிற் பொறித்திருந்தார்.

பியற்றிஸ் மூச்சிரைக்க வந்து நின்றாள். "வெளிக்கிடு பிள்ளை, அங்க மடத்தில பார்த்துக்கொண்டிருப்பினம்."

"விரும்பித்தான் மடத்துக்கு வந்தனியோ எண்டு ஆயர் கேட்க, ஒரு கன்னியாஸ்திரி சொன்ன வரி. வாசிக்கிறன், கேளுங்கோ அம்மா," என்ற றொசாந்தி, இலத்தீனைத் தமிழாக்கினாள்: "அறுபது ஆண்டாய் இங்கு இருக்கிறேன். இதை இன்றுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை."

"அது ஆரோ வெள்ளைக்காரியின்ர கதை," என்று வெடுக்கென மொழிந்த அன்னை, மகளின் முகத்தைக் கண்டதும் அருகிருந்த இருக்கையில் மெல்ல அமர்ந்தாள். செபமாலையை உருட்டியவாறே, தலைநிமிராமல் கேட்டாள்.

"உனக்கு விருப்பமோ, பிள்ளை?"

"இல்லையம்மா. உங்களுக்கு ஏதும் வந்திடுமெண்டு பயத்தில சொல்லேல்லை."

பியற்றிஸின் முகம் வெளிறியது. "நேர்ந்தது நான். மாதாவிட்ட நானே போய்ச் சொல்லுறன். என்ன வந்தாலும் எனக்கு வரட்டும்."

அவ்வச்சம் அன்றோடு தீர்ந்ததில்லை; மகளின் தோளிலிருந்து இறங்கித் தாயின் தோளில் ஏறியது. ஆயினும் ஆவிசாவைக் கேட்க வந்தவர் அறுபது ஆண்டு பிந்தி வந்தார்; பியற்றிஸ் இருபத்தெட்டே ஆண்டு பிந்தினாள்.