நர்ஸ் இல்லாத கட்டில்

ரோவீனாவின் நர்ஸ் உரிமம் ஐடஹோவில் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தாள். டெக்சஸ், டென்னசி, மெய்ன் என்று எங்கே ஆள் தட்டுப்பாடோ அங்கே மூன்று மாதம். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். நாற்பது மாநிலங்களில் செல்லுபடியான அந்த உரிமம் ஓரிகனில் செல்லாது. அவள் அப்பா ஆர்லோ இருந்ததோ ஓரிகனில்.

வைக்கோல் தூசியை ஆயுள் முழுக்கச் சுவாசித்த நுரையீரல் அவருக்கு. தனியாக இருந்தார். அவரோடு இருக்கலாம் என்றுதான் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைக்கு ஒப்பந்தம் போட்டாள். அது வந்தால்தான் வேலையில் சேர முடியும் என்பதால் ஓரிகன் உரிமத்துக்கும் விண்ணப்பித்தாள். குற்றப் பதிவு பார்க்க எடுத்த கைரேகை தெளிவாக இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது முறை ரேகை எடுத்த ஷெரிஃப் அலுவலகக்காரர் அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, கையில ஒண்ணுமே இல்லியே! எதைப் போட்டுத் தேய்ச்சே?"

"நர்ஸுங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவுறோம்."

"அப்ப நீ தாராளமா பேங்க்ல கொள்ளையடிக்கலாம்" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரேகை போய்ச் சேர்ந்ததா என்ற தகவலே வராத ஒரு ஜனவரிக் காலையில் ஆர்லோவின் உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸை அழைத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நிமோனியா. மூச்சு மெஷினின் முகமூடியை மாட்டினார்கள்.

தலைமை நர்ஸ் கிரெட்சன் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது, தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட்.

"ஐடஹோவுக்கு, பாய்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறோம், ரோவீனா."

"பாய்சிக்கா? உள்ள ரெண்டு கட்டில் காலியா கிடக்குதே!"

"கட்டில் இருக்கு. பார்த்துக்க நர்ஸ் இல்ல. அதுக்குத்தானே உன்னை எடுத்தோம்."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை கிரெட்சன். சொன்ன பிறகு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்த கட்டில் தெரிந்தது.

"நான் ராத்திரி பகலா நிக்கிறேன். சம்பளமே வேணாம்."

"எனக்குத் தெரியாதா? ஆனா உரிமம் இல்லாம உன்னை விட்டா ஆஸ்பத்திரியை மூடிருவாங்க."

திரும்பி வந்தபோது ஆர்லோவின் முகமூடி ஒருபக்கம் விலகிக் காற்று சீறிக்கொண்டிருந்தது. ரோவீனாவின் கை தானாகப் பட்டையை நோக்கிப் போனது.

"தொடாதே!" என்றாள் பின்னால் வந்த கிரெட்சன். "மகளா தலையைத் தடவு. மெஷின்ல கை வச்சேன்னு எவனாவது எழுதிப் போட்டா, வர்ற உரிமமும் வராது."

கிரெட்சன் வந்து சரிசெய்யும்வரை ரோவீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க கூட்டிட்டுப் போறாங்க?" என்றார் ஆர்லோ, முகமூடிக்குள்ளிருந்து.

"பாய்சிக்குப்பா."

"நீதான் நர்ஸாச்சே. வேணாம்னு சொல்லேன்."

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

பனி கொட்டியதால் ஹெலிகாப்டர் வரவில்லை. ஆம்புலன்ஸ் மலைச்சாலையில் ஊர்ந்தது. அவள் காரில் பின்தொடர்ந்தாள். மாநில எல்லையைத் தாண்டியதும் அவள் உரிமம் செல்லும் மண். ஆனால் அங்கே நர்ஸுகளுக்குப் பஞ்சமில்லை. வரவேற்பறை நாற்காலியில்தான் அவளுக்கு இடம்.

ஆர்லோ பிழைத்துக்கொண்டார். ஆனால் இனித் தனியாக விடக்கூடாது, ஆக்சிஜனும் ஆளும் எந்நேரமும் வேண்டும் என்று சொல்லி, பாய்சியிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த வாரமே ஓரிகன் உரிமம் வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் இருக்க ஒப்பந்தத்திலிருந்து விலகலாமா என்று, ஊர் ஊராக அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியைக் கேட்டாள்.

"விலகலாம். அப்புறம் எங்ககிட்ட வேலை கேட்டு வராதீங்க" என்றான் அங்கே போனை எடுத்த பையன், மரியாதையாகவே.

இல்லத்துக்குப் பணம் கட்ட அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

அப்பாவின் வீட்டில் தனியாகத் தங்கி அவள் வேலைக்குப் போனாள். பாதை திறந்திருந்தால் விடுமுறை நாளில் பாய்சிக்கு ஓட்டினாள். மற்ற நாட்களில் ஆர்லோ போன் செய்தார்.

"எங்க இருக்கே?"

"நம்ம வீட்லதான்பா."

"அப்ப நான் ஏன் இங்க இருக்கேன்?"

"டாக்டர் சொன்னாருல்லப்பா, மூச்சு..."

"ராப்பகலா ஒரு நர்ஸ் கூட இருந்தா வீட்டுக்கே போகலாம்னும்தானே சொன்னாரு?"

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள் ரோவீனா. அவர் மூச்சிரைப்பது கேட்டது. பிறகு அவரே போனை வைத்தார்.